ஜான் கிரெகரி: ஸ்கன்தார்ப்பிலிருந்து சென்னை வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் எஃப்சி இரண்டாவது முறையாக இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துக் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர் ஜான் கிரெகரி என்ற இங்கிலாந்துக்காரர். நம் ஊர் ரசிகர்கள் பலருக்கு அவர் கதை அந்த ஒரு சீசனில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னால் அவருக்கு நாற்பத்தைந்து ஆண்டுக் கால்பந்து வாழ்க்கை உண்டு. வீரராகவும் மேனேஜராகவும் அவர் என்னென்ன செய்தார், எங்கெல்லாம் வழுக்கினார் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

யார் இந்த ஜான் கிரெகரி?

1954 மே 11 அன்று இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரில் பிறந்தவர். உருக்காலைகளுக்குப் பேர்போன ஊர் அது. அவருடைய அப்பாவும் தொழில்முறைக் கால்பந்து வீரர்தான், வெஸ்ட் ஹாம், ஸ்கன்தார்ப் அணிகளுக்கு ஆடியவர். மகன் எழுபதுகளின் தொடக்கத்தில் நார்தாம்ப்டன் டவுனில் ஆரம்பித்து ஆஸ்டன் வில்லா, பிரைட்டன், குயீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், டெர்பி கவுண்டி என்று வரிசையாக ஆடினார். இங்கிலாந்து தேசிய அணிக்கு 6 ஆட்டங்கள். பிறகு மேனேஜராகப் பல கிளப்புகள், அவற்றில் பெரியது ஆஸ்டன் வில்லா. கடைசியாகச் சென்னை.

களத்தில் எந்த இடத்தில் ஆடுவார்?

இதற்கு நேரான பதில் இல்லை, அதுதான் அவருடைய விசேஷம். நார்தாம்ப்டனில் பின்வரிசையில் தொடங்கினார். 1977இல் மேனேஜர் ரான் சாண்டர்ஸ் அவரை ஆஸ்டன் வில்லாவுக்கு அழைத்து வந்தார். அந்தக் காலத்தில் சட்டை எண் என்பது வீரரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது அல்ல. ஆடும் இடத்துக்குத்தான் எண். 2 என்றால் வலது பின்வரிசை, 9 என்றால் முன்வரிசை. வில்லாவில் இருந்த இரண்டு ஆண்டுகளில் கிரெகரி 2 முதல் 11 வரை எல்லா எண்களையும் போட்டு ஆடியிருக்கிறார். கோல்கீப்பர் சட்டை மட்டும்தான் பாக்கி.

எந்த இடத்திலும் ஆடக்கூடியவர் என்பது பாராட்டாகத் தெரியும். ஆனால் அப்படிப்பட்டவருக்கு நிலையான இடம் கிடைப்பது கஷ்டம், யாருக்காவது காயம் என்றால்தான் நினைவு வரும். 1979இல் அவர் பிரைட்டனுக்குப் போய்விட்டார். வில்லா 1981இல் லீக் பட்டத்தையும் 1982இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான கோப்பையையும் வென்றது. அதற்குள் இவர் வேறு ஊரில்.

வீரராக அவருடைய உச்சம் எது?

குயீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், சந்தேகமே வேண்டாம். 1981இல் அதன் மேனேஜர் டெர்ரி வெனபிள்ஸ் அவரை அங்கே கொண்டுவந்து நடுக்களத்தில் நிறுத்தினார். அதே ஆண்டுதான் அந்த கிளப் தன் லாஃப்டஸ் ரோடு மைதானத்தில் புல்லைத் தூக்கிவிட்டுச் செயற்கைத் தரை போட்டது. இங்கிலாந்துத் தொழில்முறைக் கால்பந்தில் அதுவே முதல் முறை. பந்து துள்ளுகிற துள்ளலில் வெளியூர் அணிகள் திணறின. உள்ளூர்க்காரர்களோ பழகிக்கொண்டார்கள்.

1982இல் இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டே அந்த அணி எஃப்.ஏ. கோப்பை இறுதிக்குப் போனது. எதிரே டாட்டன்ஹாம். முதல் ஆட்டம் 1-1. மறு ஆட்டத்தில் கிளென் ஹாடில் பெனால்டியில் அடித்த ஒரே கோலில் தோற்றார்கள். அடுத்த சீசனில் இரண்டாம் டிவிஷன் பட்டத்தை வென்று மேலே வந்தார்கள், அதற்கடுத்த சீசனில் முதல் டிவிஷனில் ஐந்தாம் இடம். இந்த மூன்று சீசன்களிலும் கிரெகரி நடுக்களத்தின் தூண்.

இங்கிலாந்து அணியில் ஏன் ஆறே ஆட்டங்கள்?

வயதும் போட்டியும். இங்கிலாந்து மேனேஜர் பாபி ராப்சன் அவருக்கு முதல் வாய்ப்பு கொடுத்தது 1983 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில், அப்போது அவருக்கு 29 வயது. அங்கே மூன்று ஆட்டங்கள். பிறகு டென்மார்க், ஹங்கேரி, வேல்ஸ். டென்மார்க்குக்கு எதிராக வெம்ப்ளியில் இங்கிலாந்து 0-1 என்று தோற்ற ஆட்டம்தான் நாடுகள் மோதும் 1984 ஐரோப்பியக் கோப்பைக்கான கதவை ஏறக்குறைய மூடியது. நடுக்களத்துக்கு பிரையன் ராப்சன், ரே வில்கின்ஸ் போன்றவர்கள் இருந்த காலம் வேறு. 1984க்குப் பிறகு அழைப்பு வரவில்லை.

டெர்பி கவுண்டியில் என்ன செய்தார்?

1985இல் போனார். ஆர்தர் காக்ஸ் மேனேஜர். மூன்றாம் டிவிஷனில் கிடந்த அணி 1986இல் ஒரு படி, 1987இல் இரண்டாம் டிவிஷன் பட்டத்தோடு இன்னொரு படி ஏறியது. முப்பதைத் தாண்டிய வீரருக்கு இது நல்ல அறுவடை.

மேனேஜர், பயிற்சியாளர் – இரண்டும் ஒன்றுதானே?

நம் செய்தித்தாள்களில் இரண்டுக்கும் "பயிற்சியாளர்" என்றுதான் போடுகிறார்கள். பழைய இங்கிலாந்து முறையில் வேலை வேறு. மேனேஜர் என்பவர் யாரை வாங்குவது, யாரை விற்பது, சேர்மனிடம் எப்படிப் பணம் பெயர்ப்பது, பத்திரிகைக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று எல்லாவற்றையும் தலையில் சுமப்பவர். தினமும் பயிற்சி மைதானத்தில் விசிலோடு நிற்பவர் கோச்.

கிரெகரி இரண்டு வேலையையும் பார்த்தவர். கோச்சாக இருந்தபோது அவர்மேல் பெரிய புகார் எதுவும் இல்லை. அவருடைய சர்ச்சைகள் எல்லாமே மேனேஜர் நாற்காலியிலிருந்து, அதிலும் முக்கால்வாசி மைக்குக்கு முன்னால் வந்தவை. ஐஎஸ்எல்லில் அவருடைய பதவி தலைமைப் பயிற்சியாளர். அந்த ஏற்பாடு அவருக்கு ஒத்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

மேனேஜராக எப்படி ஆரம்பித்தார்?

மோசமாக. போர்ட்ஸ்மத்துக்கு வீரராகப் போனவர், 1989 ஜனவரியில் மேனேஜர் ஆலன் பால் வெளியேறியதும் அந்த இடத்தில் உட்கார்ந்தார். ஒரே ஆண்டில் வேலை போனது. பிறகு பிளிமத்தில் கொஞ்ச நாள் தற்காலிகப் பொறுப்பு, போல்ட்டனில் கொஞ்ச நாள் வீரராக.

அவரைக் காப்பாற்றியது பிரையன் லிட்டில் என்ற பழைய வில்லா சகா. லிட்டில் லெஸ்டர் சிட்டியின் மேனேஜரானபோது கிரெகரியைத் தன் பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1994இல் லிட்டில் வில்லாவுக்குப் போனபோது இவரும் கூடவே போனார். 1996இல் வில்லா லீட்ஸை 3-0 என்று வீழ்த்தி லீக் கோப்பையை எடுத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் கிரெகரி தனியாகக் கிளம்பி விக்கம் வாண்டரர்ஸுக்கு மேனேஜராகப் போனார். சின்ன கிளப், மூன்றாம் அடுக்கு, கடைசி இடங்களில் தவித்துக்கொண்டிருந்தது. கீழே விழாமல் பார்த்துக்கொண்டார்.

விக்கமிலிருந்து நேராக ஆஸ்டன் வில்லாவா? எப்படி?

1998 பிப்ரவரியில் பிரையன் லிட்டில் திடீரென்று ராஜினாமா செய்தார். வில்லா பிரீமியர் லீக்கில் 15ஆம் இடத்தில் இருந்தது. சேர்மன் டக் எல்லிஸ் பெரிய பெயர் எதையும் தேடாமல் விக்கமிலிருந்து கிரெகரியைக் கூப்பிட்டார். பலருக்கும் வியப்பு.

முதல் லீக் ஆட்டத்தில் லிவர்பூலை 2-1 என்று வென்றார்கள், இரண்டு கோலும் ஸ்டான் கோலிமோர். யூஇஎஃப்ஏ கோப்பைக் காலிறுதியில் அட்லெட்டிகோ மாட்ரிட்டிடம் அங்கே 0-1, இங்கே 2-1. மொத்த கோல் சமம் என்றால் வெளியூரில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி என்ற அன்றைய விதியால் வெளியேறினார்கள். ஆனால் லீக்கில் வேகம் குறையவில்லை. மூன்றே மாதத்தில் 15லிருந்து 7ஆம் இடத்துக்கு வந்து மறுபடியும் ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள்.

அடுத்த சீசனின் முதல் பாதிதான் கிரெகரியின் இங்கிலாந்து வாழ்க்கையின் பொற்காலம். முதல் 12 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. கவென்ட்ரியிலிருந்து டியான் டப்ளினை வாங்கினார், மிடில்ஸ்பரோவிலிருந்து பால் மெர்சனை வாங்கினார். டிசம்பரில் நடப்புச் சாம்பியன் ஆர்சனலிடம் 0-2 என்று பின்தங்கிய ஆட்டத்தை 3-2 என்று திருப்பினார்கள். கிறிஸ்துமஸ் அன்று பட்டியலில் முதலிடம் வில்லாவுக்கு. அணியில் பெரும்பாலும் உள்நாட்டு வீரர்கள்: சவுத்கேட், எஹியோகு, ஹென்ட்ரி, ஜோகிம், பதினேழு வயது கேரத் பாரி. 1999 பிப்ரவரி 27 அன்று கவென்ட்ரிக்கு எதிராக வில்லா இறக்கிய பதினொரு பேருமே இங்கிலாந்துக்காரர்கள். பிரீமியர் லீக்கில் அப்படி ஓர் அணி இறங்கியது அதுதான் கடைசி என்று இன்றும் வினாடி வினாவில் கேட்பார்கள்.

அந்த ஆட்டத்தில் வில்லா 1-4 என்று தோற்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புத்தாண்டு பிறந்ததும் அணி சரிந்துவிட்டது. வாரக்கணக்கில் வெற்றியே இல்லை. முடிவில் ஆறாம் இடம். காயங்கள் ஒரு காரணம். டப்ளினுக்கு மாற்று இல்லாதது இன்னொன்று. ஆனால் இந்த மாதிரியான எழுச்சியும் சரிவும் கிரெகரியின் கதையில் திரும்பத் திரும்ப வரும்.

துப்பாக்கி விவகாரம் என்கிறார்களே, அது என்ன?

1998 ஆகஸ்ட்டில் வில்லாவின் நட்சத்திரம் ட்வைட் யார்க், மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தார். 1.26 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். யார்க் வந்து தன் முடிவைச் சொன்ன நேரத்தில் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் சுட்டிருப்பேன் என்ற ரீதியில் கிரெகரி பத்திரிகைகளிடம் பேசிவிட்டார். கோபத்தில் சொன்ன வேடிக்கை என்று அவர் பக்கத்தில் விளக்கம் இருக்கலாம். இருந்தாலும் அந்த வரி அவர் பெயரோடு இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார்க் அந்த சீசனிலேயே யுனைடெட்டோடு மூன்று கோப்பைகளை வென்றார்.

கோலிமோரோடு என்ன பிரச்சினை?

இது வேடிக்கை இல்லை. 1999இல் ஸ்டான் கோலிமோர் மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். இவ்வளவு சம்பளம் வாங்குகிற ஒருவருக்கு என்ன மனச்சோர்வு என்று கேட்பது போல மேனேஜர் வெளிப்படையாகப் பேசினார். அன்றைய உடைமாற்றும் அறைகளில் அது பொதுவான எண்ணம்தான் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. உடம்புக்குக் காயம் என்றால் மருத்துவர் சொல்வதைக் கேட்கிற மேனேஜர், மனதுக்குக் காயம் என்றால் மட்டும் தானே மருத்துவராகிவிட்டார். கோலிமோர் பிற்காலத்தில் மனநலம் பற்றித் தொடர்ந்து பேசிவருகிறார். கிரெகரியின் கணக்கில் இது பற்றுப் பக்கத்தில்தான் எழுதப்படும்.

2000 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் என்ன நடந்தது?

பழைய வெம்ப்ளி இடிக்கப்படுவதற்கு முன் அங்கே நடந்த கடைசி எஃப்.ஏ. கோப்பை இறுதி அது. மே 20, வில்லாவும் செல்சியும். அரையிறுதியில் போல்ட்டனைப் பெனால்டியில் தாண்டி வந்திருந்தார்கள். அன்று கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸ்தான் ஹீரோ. இறுதியில் அதே ஜேம்ஸ், ஜோலா அடித்த ஃப்ரீ கிக்கைப் பிடிக்கத் தவறினார். பந்து சவுத்கேட் மேல் பட்டு விழுந்தது, டி மட்டேயோ தட்டிவிட்டார். 1-0. மற்றபடி பார்ப்பவர்களைக் கொட்டாவி விட வைத்த ஆட்டம். வில்லா கடைசியாக எஃப்.ஏ. கோப்பையை வென்றது 1957இல். அந்தப் பசி அன்றும் தீரவில்லை.

பிறகு ஏன் வில்லாவை விட்டார்?

ஆறாம் இடம், ஆறாம் இடம், எட்டாம் இடம் என்று ஒரே மட்டத்தில் அணி நின்றுவிட்டது. எல்லிஸ் பணத்தை எண்ணி எண்ணிக் கொடுப்பவர். கிரெகரி அதைப் பொதுவெளியில் குத்திக்காட்டுபவர். 2001 ஜனவரியில் கொலம்பியாவின் ஹுவான் பாப்லோ ஆங்கெலை கிளப்பின் சாதனை விலையான 95 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். அந்தச் சண்டைக்கு நடுவிலும் அது நடந்தது ஆச்சரியம்தான். 2001 கோடையில், யூஇஎஃப்ஏ கோப்பைக்கு நுழைவு தரும் சின்னப் போட்டியான இன்டர்டோட்டோ கோப்பையும் கிடைத்தது. அதே ஆண்டில் அதை வென்ற அணிகள் மொத்தம் மூன்று என்பதால் அலமாரியில் வைத்து யாரும் பெருமைப்படுவதில்லை. 2002 ஜனவரி 24 அன்று ராஜினாமா செய்தார். அந்த இடத்துக்கு கிரஹாம் டெய்லர் திரும்பி வந்தார்.

ராஜினாமா செய்த ஒரு வாரத்துக்குள் டெர்பிக்குப் போனது உண்மையா?

உண்மை. ஓய்வெடுத்திருக்கலாம். டெர்பி கவுண்டி பிரீமியர் லீக்கின் அடித்தட்டில் இருந்தது. வந்தவுடன் சில வெற்றிகள், பிறகு வரிசையாகத் தோல்விகள், சீசன் முடிவில் கீழ் டிவிஷனுக்குத் தரமிறக்கம். கிளப் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. நல்ல வீரர்களை விற்றுத்தான் சம்பளம் கொடுக்க வேண்டிய நிலை. 2003இல் கிளப் அவரை முதலில் இடைநீக்கம் செய்து, பிறகு பணிநீக்கம் செய்தது. அது சட்டத் தகராறாக இழுத்தது. அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவருக்கு மேனேஜர் வேலை இல்லை.

2006க்கும் 2017க்கும் நடுவில் எங்கே இருந்தார்?

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006 செப்டம்பரில் தன் பழைய கிளப் குயீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு மேனேஜராகி, தரமிறக்கத்திலிருந்து காப்பாற்றினார். 2007இல் ஃபார்முலா ஒன் புகழ் பிரியாட்டோரேயும் எக்கிள்ஸ்டனும் கிளப்பை வாங்கினார்கள், கொஞ்ச நாளில் அவர் வெளியே. 2009 கடைசியில் இஸ்ரேலுக்குப் போய், நாசரேத்தின் மக்காபி அஹி அணியைப் பார்த்துக்கொண்டார். அரபு மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரத்தின் சின்ன கிளப் அது. பிறகு கஜகஸ்தானில் அல்மாட்டி நகரின் கைராத். 2013 டிசம்பரில் இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கில் க்ராலி டவுன். ஓராண்டில் இதய அறுவைச் சிகிச்சைக்காக அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். அறுபது வயது. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

சென்னைக்கு வந்தது எப்போது?

2017 ஜூலையில். முந்தைய மூன்று சீசன்களும் இத்தாலியின் உலகக் கோப்பை வீரர் மார்கோ மட்டராசிதான் பயிற்சியாளர். 2015இல் கோப்பை, 2016இல் எட்டு அணிகளில் ஏழாம் இடம்.

கிரெகரி வந்த சீசனில் ஐஎஸ்எல்லே மாறியிருந்தது. பெங்களூருவும் ஜாம்ஷெட்பூரும் சேர்ந்து பத்து அணிகள். இரண்டரை மாதத் திருவிழாவாக இருந்த போட்டி நவம்பர் முதல் மார்ச் வரை நீண்டது. அதைவிட முக்கியமானது, களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து வெளிநாட்டவர்தான் இருக்கலாம். முன்பு ஆறு. ஆக, இந்திய வீரர்களைச் சரியாகத் தயார் செய்கிறவன் ஜெயிப்பான் என்று விதியே சொல்லிவிட்டது. முதல் தடவையாக சீசன் முழுக்க ஓடத் தாங்கும் உடம்பும் தேவைப்பட்டது. மூன்றாம் அடுக்குக் கிளப்புகளில் கைக்கு எட்டியவர்களை வைத்துக் குடும்பம் நடத்திய ஒருவருக்கு இது பழகிய வேலை.

அப்படி என்ன செய்தார்?

மாயம் எதுவும் இல்லை. பின்வரிசையை முதலில் இறுக்கினார். நடுவில் பிரேசிலின் மைல்சன் ஆல்வெஸ், போர்ச்சுகலின் ஹென்ரிக் செரேனோ. செரேனோதான் கேப்டன். வலப்பக்கம் ஸ்பெயினின் இனிகோ கால்டெரான், இடப்பக்கம் மிசோரம் பையன் ஜெர்ரி. அவர்களுக்கு முன்னால் நடுக்களத்தில் இந்தியர்களை நம்பினார்: தன்பால் கணேஷ், பிக்ரம்ஜித், இருபது வயது அனிருத் தாபா. மேலே ரஃபேல் அகஸ்டோ, கிரெகரி நெல்சன், கோல் அடிக்க ஜெஜெ. உதவிப் பயிற்சியாளராகத் தமிழ்நாட்டுக் கால்பந்தை உள்ளும் புறமும் அறிந்த சையத் சபீர் பாஷா இருந்தார்.

கார்னர், ஃப்ரீ கிக் இவற்றில் நிறைய உழைத்தார்கள். அப்புறம் உடல்தகுதி. அந்த சீசனில் சென்னையின் எஃப்சி கடைசிப் பத்து நிமிடங்களில் ஆட்டத்தைத் திருப்பிய கதைகள் பல. புனேயில் 82ஆம் நிமிடத்தில் செரேனோவின் கோலில் 1-0. கொல்கத்தா அணிக்கு எதிராகச் சேப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் நேரு ஸ்டேடியத்தில் 3-2, வெற்றி கோல் 90ஆம் நிமிடத்தில் ஜெஜெ. பெங்களூருவில் எதிரணியின் சுனில் சேத்ரி 85இல் சமன் செய்ய, 88இல் கணேஷ் அடித்து 2-1.

தொடக்கம் அப்படி இல்லை. முதல் ஆட்டத்திலேயே சொந்த மண்ணில் கோவாவிடம் 2-3. முதல் பாதியிலேயே மூன்று கோல் வாங்கினார்கள். "போச்சு, இன்னொரு 2016" என்று கேலரியில் முணுமுணுத்தவர்கள் ஏராளம். லீக் முடிவில் 18 ஆட்டங்களில் 32 புள்ளிகள், இரண்டாம் இடம். அரையிறுதியில் அதே கோவாவை அங்கே 1-1, இங்கே 3-0 என்று அனுப்பிவைத்தார்கள்.

2018 இறுதிப் போட்டியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம். எதிரணி பெங்களூரு எஃப்சி. லீக்கில் 40 புள்ளிகளோடு எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் முதலிடம் பிடித்தவர்கள். மைதானமும் அவர்களுடையது, கூட்டமும் அவர்களுடையது. ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி 1-0.

பதில் இரண்டும் கார்னரிலிருந்து. 17ஆம் நிமிடம், நெல்சன் போட்ட பந்தில் மைல்சன் எகிறித் தலையால் அடித்தார். 45ஆம் நிமிடம், மறுபடியும் நெல்சன், மறுபடியும் மைல்சன், மறுபடியும் தலை. அந்த சீசனில் மிகக் குறைவாக கோல் விட்ட பெங்களூரு, ஒரே ஆளை இரண்டு முறை கோட்டை விட்டது. 67ஆம் நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்தது மூன்றாவது. 90 நிமிடத்துக்கு மேல் சேர்த்த நேரத்தில் பெங்களூருவின் மீக்கூ ஒன்று திருப்பினார். 3-2.

அன்று கிரெகரிக்கு 63 வயது. மேனேஜராகவோ பயிற்சியாளராகவோ அவர் எடுத்த முதல் பெரிய கோப்பை அதுதான். வெம்ப்ளியில் தவறவிட்டது கண்டீரவாவில் கிடைத்தது.

அந்த அணியில் தமிழ்நாட்டுக்காரர் யார்?

தன்பால் கணேஷ். வியாசர்பாடிப் பையன். வடசென்னையில் கால்பந்து என்றால் வியாசர்பாடி என்று சொல்லும் அளவுக்கு வீரர்களைத் தந்த பகுதி அது. தடுப்பு நடுக்களத்தில் எதிரணியின் ஆட்டத்தை உடைப்பதுதான் அவர் வேலை. கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் கோலும் அடித்தார். உள்ளூர் ஆள் என்ற சலுகையில் அவரை யாரும் ஆடவிடவில்லை. கிரெகரி அவரைத் தொடர்ந்து இறக்கியதற்குக் காரணம் அந்த வேலையை அவரைவிட நன்றாகச் செய்ய அணியில் ஆள் இல்லாததுதான்.

சாம்பியன் அணி அடுத்த சீசனில் கடைசி இடமா?

ஆமாம். 2018-19இல் 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 சமன், 13 தோல்வி, 9 புள்ளிகள். பத்து அணிகளில் பத்தாவது. கணேஷுக்கு முழங்கால் காயம், செரேனோ இல்லை, ஜெஜெயின் கால்களில் கோல் வற்றிவிட்டது. இவை எல்லாம் உண்மைக் காரணங்கள். ஆனால் போனவர்களின் இடத்துக்கு வந்த வெளிநாட்டவர்கள் அதே தரத்தில் இல்லை என்பதும், தேர்வில் பயிற்சியாளருக்கும் பங்கு உண்டு என்பதும் உண்மை.

விநோதம் என்னவென்றால், அந்த மோசமான சீசனில் வென்ற இரண்டில் ஒன்று, அந்த ஆண்டு பட்டம் வென்ற பெங்களூருவுக்கு எதிராக. லீக் முடிந்த பிறகு சூப்பர் கோப்பையில் இறுதிவரை போய், புவனேஸ்வரில் கோவாவிடம் 1-2 என்று தோற்றார்கள். ஆசிய கிளப்புகளுக்கான ஏஎஃப்சி கோப்பையில் முதல் முறையாக ஆடினார்கள். தகுதிச் சுற்றில் கொழும்பு எஃப்சியைத் தாண்டினார்கள், கொழும்பில் 0-0, இங்கே 1-0. "இங்கே" என்றால் அகமதாபாத். சென்னை அணியின் ஏஎஃப்சி கோப்பை ஆட்டங்கள் சென்னையில் நடக்கவில்லை. ரசிகர்களுக்கு அந்த ஆதங்கம் இன்னும் இருக்கிறது.

எப்போது, ஏன் விலகினார்?

2019 நவம்பர் இறுதியில். புதிய சீசனின் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல் கூட இல்லை. ஐந்தாவதில் ஹைதராபாத்தைக் கூடுதல் நேரக் களேபரத்தில் 2-1 என்று வென்றார்கள். ஆறாவது ஒடிசாவோடு 2-2. இரு தரப்பும் பேசிப் பிரிந்தன.

அவருக்குப் பிறகு ஓவன் காயில் வந்து, ஏறக்குறைய அதே வீரர்களை வைத்துக்கொண்டு இறுதிப் போட்டிவரை போய்விட்டார். கோவிட் காலம், காலி மைதானம், கொல்கத்தா அணியான ஏடிகேயிடம் 1-3. அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் கிரெகரி இன்னும் சீக்கிரம் போயிருக்க வேண்டும் என்றார்கள். அதை மறுப்பது கஷ்டம்.

சரி, மொத்தத்தில் அவர் நல்ல மேனேஜரா?

வந்த முதல் வருஷத்துக்கு மிக நல்ல மேனேஜர். வில்லாவில் 15லிருந்து 7, ரேஞ்சர்ஸில் தரமிறக்கத்திலிருந்து மீட்பு, சென்னையில் கோப்பை. சோர்ந்துபோன ஓர் அணிக்குள் நுழைந்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்று எளிமையாகச் சொல்லி, வேலை வாங்கத் தெரிந்தவர். இரண்டாவது, மூன்றாவது வருஷத்தில் அணியைப் புதுப்பிப்பது வேறு கலை. வில்லாவில் அது அரைகுறையாக வந்தது, சென்னையில் வரவேயில்லை. சென்னை ரசிகனாக எனக்குப் புகார் இல்லை. 2018க்குப் பிறகு இந்த கிளப் ஐஎஸ்எல் கோப்பையைத் தொடவில்லை என்பதைப் பார்க்கும்போது அந்த ஒரு வருஷத்தின் எடை கூடிக்கொண்டே போகிறது.

அவரிடம் ஆடியவர்கள் யாராவது பயிற்சியாளர் ஆனார்களா?

இருவரைச் சொல்ல வேண்டும். வெம்ப்ளியில் பந்தைத் தவறவிட்ட டேவிட் ஜேம்ஸ், 2018 ஜனவரியில் கேரளா பிளாஸ்டர்ஸின் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். பிப்ரவரியில் கொச்சியில் பழைய மேனேஜரும் பழைய கோல்கீப்பரும் எதிரெதிர் பெஞ்சில். ஆட்டம் 0-0. கேரளாவுக்குக் கிடைத்த பெனால்டியைச் சென்னைக் கோல்கீப்பர் கரன்ஜித் சிங் தடுத்துவிட்டார்.

இன்னொருவர், பந்து மேலே பட்டு விழுந்த அந்த கேப்டன் கேரத் சவுத்கேட். அவர் 2000இலேயே வில்லாவிலிருந்து மாற்றல் கேட்டு, 2001இல் மிடில்ஸ்பரோவுக்குப் போனார். பிறகு இங்கிலாந்து தேசிய அணிக்கு எட்டு ஆண்டுகள் மேனேஜர். 2018இல் உலகக் கோப்பை அரையிறுதி, அதன் பிறகு அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பை இறுதிகள், இரண்டிலும் தோல்வி.